அறக்கோட்டமும் சிறைக்கோட்டமும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்றால், தமிழாசிரியராயுள்ளோர் தமிழின் தொன்மையைப் பற்றியோ கல்லூரியின் பெருமையைப் பற்றியோ எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். நாமும் முன்னர் அவ்வாறு எழுதியதுண்டு. இம்முறை மலர்க்குழுவினர் கேட்டபோது அவ்வழியிற் செல்ல மனம் ஒருப்படவில்லை. அதற்குக் காரணம் ஓர் அம்மையார். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

எமது ஊர் புங்குடுதீவைச் சேர்ந்த மடத்துவெளி. ஊரின் பெயரிலேயே ஒரு மடம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கிச் செல்லவும், கதியற்றோர் ஒருவேளை உண்டு களைப்பாறவும் நம் முன்னோர் ஊர்தோறும் மடங்கள் அமைத்தனர். மடத்தை அமைத்தவர் பெரும்பாலும் அதற்குக் கூப்பிடு தொலைவிலேயே வாழ்ந்தார். கஞ்சி புளித்திருந்தால் அன்று மாலையே அச்செய்தி அவர் காதுக்கு எட்டிவிடும். கொடுப்பவரின் கண்ணும் கொடையும் ஓரிடத்தில் இருந்தன. இன்று அவ்வாறன்று. 1990களின் தொடக்கத்தில் தீவகம் இடம்பெயர்ந்தபோது எமக்கு வயது பத்து. அன்று வாணர் பாலம் கடந்து சென்றோரிற் பெரும்பாலார் திரும்பி வரவில்லை. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்கின்றனர். பூட்டிய வீடுகளும், பூட்டாத சில வீடுகளில் தனித்திருக்கும் முதியோருமே ஊரில் எஞ்சினர். அம்முதியோரும் கிணற்றில் நீர் அள்ள முடியாத நாள் வரும்போது, யாழ்ப்பாணப் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றைத் தேட வேண்டியவராகின்றனர்.

இது எமது ஊருக்கு மட்டும் உரிய நிலை அன்று. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை மக்களுள் அறுபது வயது கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேர், 2012இல் 12.4 பேர். முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பு. வடக்கிலோ இளையோர் புலம்பெயர்ந்தமையால் இச்சுமை பின்னும் மிகுந்து தோன்றுகிறது. கைதடியில் அரச முதியோர் இல்லம் மாகாண நிருவாகத்தின் கீழ் இருக்கிறது. சிவபூமி அறக்கட்டளை போன்ற தரும நிறுவனங்களும், தேவாலயங்களும், தனியாரும் வேறு இல்லங்களை நடத்துகின்றனர். அவை இல்லாதிருந்தால் நம் ஊர் முதியோர் பலரின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணவும் அஞ்சுகிறோம். ஆதலின் இக்கட்டுரை அவற்றைப் பழிக்க எழுந்ததன்று. அவற்றை மதிப்பிடும் முறையை நாம் அறிந்திருக்கிறோமா என்பதே எமது வினா.

மணிமேகலைக் காப்பியத்தை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் ஓர் இடத்தில் மாணவர் விழித்து நோக்குவர். அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் நம் நயினாதீவே என்று பலர் கொள்வதால், தம் அயல்வீட்டுக் கதைபோல் அவர்கள் அதனைக் கேட்பது இயல்பு. ஆனால் அவர்கள் விழிப்பது பாத்திரம் பெற்ற இடத்திலன்று. மணிமேகலை சிறைக்கோட்டத்திற் புகுந்து ஆங்கிருந்தோர்க்கு உணவளித்து, பின்னர்ச் சோழ மன்னனிடம் வரம் வேண்டி அச்சிறையையே அறக்கோட்டமாக்கிய இடத்தில்தான். அதே சுவர், அதே வாயில். உள்ளே நடப்பது மாறியது, பெயரும் மாறியது. சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, “சேர், அறக்கோட்டம் திரும்பவும் சிறைக்கோட்டம் ஆகாதோ?” என்று கேட்டாள். பரீட்சைக்கு வராத வினா என்று சொல்லி அமர்த்தியிருக்கலாம். அமர்த்தவில்லை. ஆகும் என்றே விடையிறுத்தோம். ஆகிய இடமும் ஒன்றுண்டு. அது தொலைவிலும் இல்லை.

கடலுக்கு அப்பால் இராமநாதபுர மாவட்டத்தில் ஏர்வாடி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள தர்காவை நாடினால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் எல்லாச் சமயத்தாரும் தம் உறவினரை அழைத்து வருவர். அவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வதாகக் கூறித் தனியார் விடுதிகள் பல அங்குத் தோன்றின. குடும்பத்தார் பணம் கொடுத்து ஒப்படைத்துச் சென்றனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற் பொழுதில் அவற்றுள் ஒரு விடுதியின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே அதனை விசாரணைக்கு எடுத்தது; அவ்வகை விடுதிகள் மூடப்பட்டன; பின்னர் 2017இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிற் பிணிப்பதை வெளிப்படையாகவே தடைசெய்தது. இவை யாவும் நன்றே. எனினும் எம்மை வருத்துவது வேறொன்று. ஒப்படைத்த குடும்பத்தாருள் எத்தனை பேர் அச்சங்கிலியைக் கண்டிருப்பர்? கண்டும், ஓட்டத்தைத் தடுக்க வேறு வழியில்லை என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டவர் எத்தனை பேர்? சங்கிலியை ஒருவரும் ஒளித்து வைக்கவில்லை. காண வந்தோரே அதனைத் தீங்கென்று காணவில்லை.

இனி அம்மையாரைப் பற்றிச் சொல்வோம். நம் கல்லூரியில் எம்முடன் உயர்தரம் படித்த நண்பர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து பேசினார். அவரின் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. ஊரில் தனியே இருந்தவர். தாம் தெரிந்தெடுத்திருந்த இல்லம் ஒன்றின் பெயரைச் சொல்லி, “நீர் ஒருக்காப் போய்ப் பார்த்துச் சொல்லும். நீர் சொன்னால் எனக்கு மறுபேச்சில்லை” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் சென்றோம். முன்னரே தொலைபேசியில் அறிவித்தும் இருந்தோம். மாபிள் பதித்த தரை, செம்பருத்தி வேலி, படங்கள் நிறைந்த பிரார்த்தனை மண்டபம். பொறுப்பாளர் கனிவானவர், அதனை இன்றும் ஐயமின்றிச் சொல்வோம். அன்று யாரோ ஒருவரின் தந்தையாருக்கு ஆண்டுத் திவசம். ஆதலின் வடை பாயசத்துடன் மதிய உணவு. கட்டில்களுக்கு மேலே சுவரில், அக்கட்டிலை அன்பளிப்புச் செய்தவரின் பெயரும் எவர் நினைவாக என்பதும் பொறித்த பலகைகள் இருந்தன. கட்டிலிற் படுத்திருப்பவரின் பெயரை எங்கும் காணவில்லை. அப்போது அது எம் கண்ணிற் படவுமில்லை. இன்று எண்ணிப் பார்க்கையிலேயே படுகிறது. மாலையில் நண்பருக்கு, “நல்ல இடம், பயப்படாமல் விடலாம்” என்று சொன்னோம்.

மார்கழி மாதத்து மழையிரவு ஒன்றில், இரண்டு மணியளவில், அம்மையார் மலசலகூடத்திற்கு எழுந்தார். அது முற்றத்தின் மறுபுறத்தில் இருந்தது. விளக்கில்லை. ஈரப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கூப்பிட்டார், மழை இரைச்சலில் எவருக்கும் கேட்கவில்லை. இல்லத்தில் இரவில் இருந்தது ஒரே ஒரு பணிப்பெண். சமையலறைக்குப் பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருந்தாள். அப்பிள்ளையைக் குறை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. விடியுமுன் எழுந்து பதினெட்டுப் பேருக்குத் தேநீர் கொடுத்து, குளிப்பாட்டி, துணி துவைத்து, இரவு உணவும் பரிமாறிய பின்னர் உறங்கியவள் அவள். விடிந்த பின்னரே அம்மையாரைக் கண்டனர்.

வைத்தியசாலையில் அவரைப் பார்க்கச் சென்றபோது எம்மை நோகவில்லை. “தம்பி, அங்கை சாப்பாடு குறையில்லை. ராவிலைதான் ஒருத்தரும் இல்லை” என்றார். அவ்வளவே. ஞாயிறு முற்பகல் வடையையும் பாயசத்தையும் கண்டு நற்சான்று கூறிய எமக்கு அவ்வொரு வார்த்தை போதுமாயிருந்தது.

இதிலே எமக்கு மிகுந்த நாணம் தருவது யாதெனில், நாம் ஓர் ஆசிரியர் என்பதே. பயிற்றப்பட்ட ஆசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். கற்பித்தற் பயிற்சியை மேற்பார்வை செய்ய வருவோர் வரும் நாளில் வகுப்பறைச் சுவரெல்லாம் படங்கள் தொங்கும். முன்னாள் மாலையே ஒத்திகை பார்த்த வினாவுக்கு எல்லாப் பிள்ளைகளும் கை உயர்த்துவர். விடை தெரியாதவன் பின்வாங்குக்குச் சென்றிருப்பான். வருகை அறிவிக்கப்பட்ட நாளின் வகுப்பு வேறு, மற்றை நாளின் வகுப்பு வேறு. இதனை நன்கு அறிந்தும், அறிவித்துவிட்டு ஞாயிறு முற்பகலிற் சென்றோம்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நோயாளர் பராமரிப்பைப் பற்றி 1859இல் எழுதிய சிறுநூலில் ஒரு கருத்தை வற்புறுத்துகிறார். தாம் இருக்கும்போது நடப்பவை தாம் இல்லாதபோதும் நடக்குமாறு ஒழுங்கு செய்யாவிடின் நல்ல பராமரிப்பெல்லாம் வீணே என்பது அதன் சாரம். ஓர் இல்லத்தை அறிய வேண்டுமாயின் முதற்கண் அறிய வேண்டியது அதன் இரவை. இரவில் எத்தனை பேர் விழித்திருக்கின்றனர்? உறங்குவோரைக் கணக்கிற் கொள்ளலாகாது. கட்டிலிற் கிடப்பவர் அழைத்தால் கேட்கும் தொலைவில் அவர்கள் உளரா? ஒரு சிறு மணியாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? மலசலகூடத்துக்குச் செல்லும் வழியிற் படியுண்டா, பிடித்துச் செல்லக் கைப்பிடியுண்டா, விளக்குண்டா? முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தோர் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை. பத்தடி நீளக் கைப்பிடிக் கம்பி ஒன்றின் விலை, பெயர் பொறித்த கற்பலகை ஒன்றின் விலையிலும் மிகுந்ததன்று.

பின்னர்த் தண்ணீர். தீவகத்தாருக்கு நீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. உவர் நீர்க் கிணறுகளுக்கு நடுவே பவுசர் வரும் நாளை எண்ணி வாழ்ந்தவர்கள் நாம். ஆனால் நீர் இருந்தும் குடியாதிருத்தல் என்பது முதுமையின் ஒரு துன்பம். வயது ஏறத் தாக உணர்ச்சி குறையும். போதாக்குறைக்கு, இரவில் எழ வேண்டிவருமே என்று அஞ்சி மாலையிலேயே நீர் குடிப்பதை நிறுத்திவிடுவர் பலர். வெளியே செல்லும் வழி இருட்டாயிருப்பதால் நீர் குடியாமல் மயங்கி விழும் முதியவரை எவ்வேட்டிலே பதிவது? ஆதலின் குவளை எங்கே இருக்கிறது, கை நடுங்குபவருக்கு அதனை யார் எடுத்துக் கொடுக்கிறார் என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். எழ முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறையாவது புரட்டிக் கிடத்துகிறார்களா என்பதும் முதன்மையான வினா. புரட்டாவிடிற் படுக்கைப்புண் வரும். வந்த புண் எலும்பு வரை செல்லும். முன்பக்கத்து வெள்ளை விரிப்பு அதனைக் காட்டாது. மருந்தை யார் கொடுக்கிறார், எங்கே எழுதி வைக்கிறார் என்று கேட்கலாம். இரவிற் கதவுகள் பூட்டப்படுமாயின் திறப்பு எவரிடம் இருக்கிறது என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஏர்வாடிக்குப் பின்னர் இதனைக் கேளாதிருப்பது குற்றம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருப்பவர் வாய்திறந்து குறைசொல்ல முடிகிறதா என்பது. பொறுப்பாளர் அருகில் நிற்க, “இங்கு எப்படி அம்மா?” என்று கேட்டால், “ஒரு குறையுமில்லை” என்ற விடையே வரும். நாமும் அவ்வாறே கேட்டோம், அவ்விடையே வந்தது. போவதற்கு வேறிடம் இல்லாதவர் தாம் உறங்கும் கூரையைப் பற்றிக் குறைசொல்லத் துணியார். தனியே அமர்ந்து, அவசரமின்றி, அவர் ஊரைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தால் இரண்டாம் முறையிலோ மூன்றாம் முறையிலோ மெய் வெளிவரும். பெண்கள் செல்வது இன்னும் நன்று. குளிப்பாட்டுதல், உடைமாற்றுதல் பற்றிய துன்பங்களை எம்போன்ற ஆடவரிடம் எந்த மூதாட்டியும் சொல்லமாட்டார்.

இதனைச் சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்போர் உளர். இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. முதியோர் இல்லம் நடத்துவோர் பதிவு செய்தல் வேண்டும் என்கிறது அது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்றும், தம்மைப் பேண இயலாத பெற்றோர் பராமரிப்புக் கோரிச் சபைமுன் செல்லலாம் என்றும் கூறுகிறது. சட்டம் நல்லதே. ஆயினும் பதிவுப் பத்திரம் சுவரிலே தொங்குவதால் முற்றத்தில் விளக்கு எரியாது.

செல்வ நாடுகளின் அனுபவமும் அதுவே. இங்கிலாந்திற் பராமரிப்புத் தர ஆணைக்குழு என்ற ஒன்று 2009 முதல் இயங்குகிறது. நம் பழைய மாணவருள்ளும் மருமக்களுள்ளும் அந்நாட்டு இல்லங்களிற் பணிபுரிவோர் பலர்; அவர்கள் இதனை எம்மினும் நன்கறிவர். இல்லம் பாதுகாப்பானதா, பராமரிப்புப் பயன் தருகிறதா, அன்பு காட்டப்படுகிறதா, இருப்பவரின் தேவைக்கு ஏற்ப நடக்கிறதா, நிருவாகம் சீரானதா என ஐந்து வினாக்களை வைத்து மதிப்பிட்டு, அம்மதிப்பை வாயிலிலே காட்சிக்கு வைக்கச் செய்கின்றனர். அத்தகைய நாட்டிலும் 2011இல், பிறிஸ்டல் நகருக்கு அண்மையில், அறிவு வளர்ச்சி குன்றியோர் தங்கியிருந்த தனியார் நிலையம் ஒன்றிற் பணியாளர் அவர்களை அடித்துத் துன்புறுத்தியதைத் தொலைக்காட்சியினர் மறைவாகப் படம்பிடித்து வெளியிட்டனர். அங்குப் பணிபுரிந்த தாதி ஒருவர் முன்னரே முறையிட்டிருந்தார். அம்முறையீடு செவியில் ஏறவில்லை. கனடாவிலோ 2020இல், கொரோனாத் தொற்றுக் காலத்தில், ஒன்ராறியோ மாகாணத்து ஐந்து முதியோர் இல்லங்களுக்கு உதவச் சென்ற படையினர், வாரக்கணக்கிற் குளிப்பாட்டப்படாதவரையும், உதவி கேட்டு நெடுநேரம் அழைத்தும் ஒருவரும் வராதவரையும், கரப்பான் பூச்சிகளையும் கண்டு அறிக்கை எழுதினர். அவ்வைந்துள் ஒன்று நம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோவில் உள்ளது. பணக்குறை ஒன்றே காரணம் எனின் அங்கு இது நிகழ்ந்திராது. அன்னிய நாட்டு இல்லங்களைப் போற்றி நம்மூர் இல்லங்களைத் தாழ்த்தும் பழக்கமும் இதனால் தளரட்டும்.

தருமம் செய்வோரைக் கேள்வி கேட்பது அவர்களை அவமதிப்பதாகாதா என்று எம் சக ஆசிரியர் ஒருவர் வினவினார். கேட்கும் முறையில் இருக்கிறது என்போம். மாணவனின் கொப்பியைத் திருத்துவது அவனை அவமதிப்பதன்று. மேலும், அவ்வில்லப் பொறுப்பாளரிடம் பின்னர் மனந்திறந்து பேசியபோது அவர் கூறியதொன்று எம்மைத் திடுக்கிடச் செய்தது. மதிய உணவுக்குப் பணம் கொடுப்போர் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருக்கின்றனர். சில நாட்களில் இரு குடும்பத்தார் ஒரே நாளைக் கேட்டுப் பிணங்குவதும் உண்டு. கட்டிலும் மின்விசிறியும் வேண்டுமளவு வருகின்றன. ஆனால் இரவுப் பணியாளர் ஒருவரின் மாதச் சம்பளத்துக்கு இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. அதற்குப் பலகை வைக்க இடமில்லை. படமெடுத்து அனுப்பவும் ஒன்றுமில்லை. பிறந்தநாளில் வரிசையாக அமர்ந்து உண்ணும் முதியோரின் படம் கைபேசி வழியே கடல் கடந்து செல்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒருவரை மெல்லப் பிடித்து நடத்திச் செல்லும் கையை எவர் படமெடுப்பார்? குற்றத்தை இல்லத்தின் மேல் மட்டும் ஏற்ற எம்மால் இயலவில்லை. நாம் எதற்குக் கொடுத்தோமோ அதனை அவர்கள் நன்றாகவே நடத்தியிருக்கின்றனர்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறோம். நம் ஊர் முதியோர் தங்கியுள்ள இல்லங்களுக்குச் சென்றுவர ஐவர் கொண்ட குழு ஒன்று அமைத்தல் வேண்டும். ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவரும் தாதி ஒருவரும் அதில் இருத்தல் நன்று. இருவராவது பெண்களாயிருத்தல் வேண்டும். இல்லத்தாரின் பொது இசைவை முன்னரே பெற்றுக்கொண்டு, நாளும் நேரமும் அறிவியாது, ஆண்டில் ஓர் இரவேனும் செல்லல் வேண்டும். கண்டதை ஒரு கொப்பியில் எழுதி முதலில் இல்லத்தாருக்கே காட்ட வேண்டும். திருத்த முடிந்ததைத் திருத்தச் சங்கம் பொருள் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தானதைத் திருத்த மறுப்பாராயின், பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் அறிவிக்க வேண்டும். சங்கத்தின் வருடாந்த அன்னதானப் பணத்தில் ஒரு பகுதியை இரவுப் பணியாளரின் சம்பளமாக மாற்ற வேண்டும். பெற்றோரை இல்லத்தில் விட்டுள்ள பிறநாட்டு உறுப்பினர், வாரத்தில் ஒருமுறையாவது அவர்களுடன் தனியே பேசும் வசதியை இல்லத்தாரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். உயர்தர மாணவரையும் அழைத்துச் செல்லலாம் என்பது எமது விருப்பம். பாட்டுப் பாடி மகிழ்விக்க மட்டுமன்று, அருகிருந்து கேட்கவும்.

அம்மையார் இப்போது மடத்துவெளியிலேயே பெறாமகள் ஒருத்தியின் வீட்டில் இருக்கிறார். விறாந்தையின் ஒரு புறத்தை அடைத்து அறையாக்கிக் கொடுத்திருக்கின்றனர். நடப்பதில்லை. சென்ற மாதம் நாம் அவ்வில்லத்திற்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்று வந்ததை அவரிடம் சொன்னோம். முற்றத்தில் விளக்குப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். போட்டிருக்கிறார்கள், கைப்பிடியும் வைத்தாயிற்று என்றோம். இரவில் எத்தனை பேர் என்றார். இன்னும் ஒருவரே என்றோம். “அந்தப் பிள்ளை பாவம்” என்றார்.

சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் மேற்படி கோரிக்கையைத் தீர்மானமாக நாம் முன்மொழிய இருக்கிறோம். வழிமொழிவோர் தம் பெயரைச் செயலாளரிடம் முன்கூட்டியே கொடுத்து உதவுவாராக.